பன்னிரண்டாம் பொடவுக்குப் பேர் வந்த விதம்

வாரத்தில் ஆறு நாள் துணியில் ஓட்டை பார்க்கிறவள் ஏழாம் நாள் பாறையில் ஓட்டை பார்க்கப் போகிறாள் என்று குமாரசாமி தன் மனைவியைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார். காங்கேயத்து எண்ணெய் மில்லில் அவரோடு வேலை செய்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பேச்சு மனப்பாடம். விஜயராணி அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டதில்லை. சொன்னது உண்மைதானே.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வந்த துணியை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, விரலை உள்ளே விட்டுத் திருப்பி, ஊசி குத்திய துளை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவானாலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவது வேலை. பத்தொன்பது வருஷம் அதைச் செய்தவளுக்கு நாற்பத்தேழு வயதிலும் கண்ணாடி வரவில்லை. அவள் மேஜையைத் தாண்டிப் போன துணியில் ஒன்றுகூட வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை. அவளிடம் ஒரு குணம் உண்டு. கண்ணில் பட்ட பிழையை விடமாட்டாள். துணியானாலும் சரி, மனுஷரானாலும் சரி.

அவிநாசிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கிழக்கே நடந்தால் செம்மறிக்கரடு வரும். மலை என்று சொல்ல முடியாது. யாரோ யானை யானையாகப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது மாதிரி ஒரு குவியல். பாறைக்கும் பாறைக்கும் நடுவே உள்ளே நீளும் குகைகள்தான் பொடவுகள். அடிவாரத்துத் தோட்டத்தில் ஒரு சாளை வீட்டில் பிறந்தவள் விஜயராணி. பன்னிரண்டு வயதில், உள்ளே விழுந்த ஆட்டுக்குட்டியைத் தேடி முதல் தடவை தவழ்ந்து போனாள். குட்டி தானாக வெளியே வந்துவிட்டது. இவள்தான் ஒரு மணி நேரம் கழித்து, முகமெல்லாம் வௌவால் புழுக்கையும் வாயெல்லாம் பல்லுமாக வந்தாள். அன்றிலிருந்து அந்தப் பைத்தியம் விட்டபாடில்லை.

கல்யாணமாகித் திருப்பூர்ப் பக்கம் வந்த பிறகும், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கரடுதான். காலையில் கறி வாங்கிக் குழம்பு வைத்து மூடிவிட்டுப் புறப்படுவாள். இடுப்புப் பையில் ஒரு டார்ச், ஒரு இன்ச் டேப், நிட்டிங் மிஷினில் மீந்துபோன ஒரு நூல் கோன். பொடவின் வாயில் இருக்கிற கல்லில் நூலைக் கட்டிவிட்டு, கோனைப் பிரித்துக்கொண்டே உள்ளே போவாள். திரும்பி வரும்போது நூலைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும். உள்ளே எத்தனை அடி, எங்கே தவழ வேண்டும், எங்கே நிமிரலாம் என்று டேப்பில் அளந்து ஒரு நோட்டில் படம் போட்டு வைத்திருந்தாள். அதில் பதினோரு பொடவுகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் நீளம், பேர், பேர் வந்த காரணம் என்று மூன்று வரி.

காரணத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஊர் உலகத்தில் ஒரு குகையைக் கண்டுபிடித்தவன் பேரையோ, உள்ளே தவம் செய்தவன் பேரையோ அதற்கு வைப்பார்கள். செம்மறிக்கரட்டில் அப்படி இல்லை. அங்கே எவன் மானம் போனதோ அவன் பேர்தான் பொடவுக்கு. யாராவது ஒரு தப்பைச் செய்துவிட்டு அங்கே மாட்டிக்கொண்டால், ஆடு மேய்க்கிற பெண்கள் கூடி ஒரு பேச்சுப் பேசி அந்தப் பேரை வைத்துவிடுவார்கள். பழனிக்குக் காவடி எடுத்துப் போகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, நான்கு நாள் உள்ளே படுத்துத் தின்றுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வீடு திரும்பியவர் திருமூர்த்தி. நடந்த கால் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் வழுவழுவென்று இருந்ததைப் பார்த்து அந்தம்மாள் பிடித்துவிட்டாள். அது திருமூர்த்தி பொடவு. மருமகள் நெய்ச் செம்பைத் திருடினாள் என்று ஊரைக் கூட்டிய மாமியார் தானே அதை ஒளித்து வைத்த இடம் மாமியார் பொடவு. செம்பை உருட்டி வெளியே தள்ளியது ஒரு வெள்ளாட்டுக் கிடாய். சேவல்கட்டுப் பிடிக்க வந்து, குறுக்கு வழியென்று நுழைந்து, இடுப்புவரை சிக்கிக்கொண்டு, தான் பிடிக்க வந்தவர்களாலேயே இழுத்தெடுக்கப்பட்டவர் பேரில் போலீசுப் பொடவு.

வைத்த பேரை மாற்றுகிற வழக்கமும் கிடையாது. திருமூர்த்தியின் மகன்கள் பெரிய ஆளான பிறகு, பேரை மாற்றச் சொல்லி இரண்டு கிடாய் வெட்டிக் கரட்டடியில் விருந்து வைத்தார்கள். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். பேர் அப்படியே இருக்கிறது.

கம்பெனிக்குப் புதிதாக வந்த புரடக்சன் மேனேஜர் இளங்குமரனுக்கு இதெல்லாம் தெரியாது. முப்பத்தொரு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மலையேறி, படம் எடுத்துப் போடுவது அவனுடைய பொழுதுபோக்கு. டீ நேரத்தில் விஜயராணியின் நோட்டை யாரோ காட்டிவிட, ஓடி வந்தான்.

“அக்கா, இத்தன நாளா சொல்லவே இல்லீங்களே! இது பொக்கிஷமுங்கக்கா.” பேசிக்கொண்டே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டான். விஜயராணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த நோட்டை அதுவரை ஒருவரும் முழுதாகப் புரட்டியதில்லை. பன்னிரண்டாவதாக ஒரு பொடவு இருக்கிறது, இன்னும் பேர் இல்லாதது, உள்ளே வழி மூன்று கவடாகப் பிரிகிறது, கடைசியில் ஒரு பெரிய அறை என்று அவளாகவே வாயை விட்டாள். பின்னாளில் இதை நினைத்து அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டதுண்டு.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். விஜயராணி முன்னால் நூலை விட்டுக்கொண்டு, அவன் பின்னால். அறை அவன் நினைத்ததைவிடப் பெரியது. ஒரு வீட்டுக் கூடம் அளவு இருக்கும். மேலே நிற்கிற இச்சிமரத்தின் வேர்கள் வெள்ளையாக, துவைத்துக் காயப்போட்ட நூல்கற்றை மாதிரி கூரையிலிருந்து தொங்கின. ஓர் ஓரத்தில் கை நுழைகிற அளவு ஒரு சந்து. அதன் வழியாக வெயில் கம்பி போல இறங்கியது. இளங்குமரன் படமாக எடுத்துத் தள்ளினான். பிறகு தலையில் கட்டியிருந்த லைட் மங்கிவிட்டது என்றான்.

“உங்க டார்ச்சக் குடுங்கக்கா. வெளிய போயி டவர் கெடைக்குதான்னு பாத்துட்டு அஞ்சு நிமிசத்துல வந்தர்றேன். நீங்க அளந்துட்டு இருங்க.”

கொடுத்தாள். அவன் போனான். வெயில் கம்பியின் வெளிச்சத்தில் அவள் அறையை அளந்து முடித்தாள். முந்நூற்றிருபது அங்குலம் நீளம். ஐந்து நிமிஷம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. சரி, நாமே போவோம் என்று வழியின் வாயில் கோனை வைத்திருந்த இடத்தில் குனிந்து தரையைத் தடவினாள். நூல் இல்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவினாள். மண்டியிட்டுக் கை எட்டும் மட்டும் துழாவினாள். நூல் எங்கும் இல்லை. நூல் அறுந்திருந்தால் இந்தப் பக்கத்து முனையாவது கிடந்திருக்கும். யாரோ சுத்தமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பனியன் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. பிரிந்து கிடக்கிற நூலைக் கண்டால் கை தானாகக் கோனில் சுற்றும். மேனேஜர்களுக்கு அது இரட்டிப்பு. ‘நூல் வேஸ்ட் ஆகக்கூடாது’ என்பது இளங்குமரன் நாளைக்கு நாற்பது தடவை சொல்லுகிற வாக்கியம். கோனைக் கையில் எடுத்து, நூலைச் சுற்றிக்கொண்டே வழி பார்த்துப் போயிருக்கிறான். சொல்லப்போனால் அவன் வெளியே போனதே அந்த நூலைப் பிடித்துத்தான்.

இருட்டில் மூன்று கவடையும் தாண்டிப் போக அவளுக்குத் துணிவில்லை. ஒரு கவட்டின் கடைசியில் கிணறு மாதிரி ஒரு பள்ளம் உண்டென்று முன்னொரு தடவை அவளே பார்த்திருக்கிறாள். சந்தில் வாயை வைத்துக் கத்தினாள். பதினோரு மணிக்குக் கத்த ஆரம்பித்தவள், வெயில் கம்பி ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு நகர்ந்து மங்குகிறவரை கத்தினாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. மூத்திரத்தை அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் அந்த வேர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார நேர்ந்தது. மற்றதைக்கூட அவள் மறந்திருப்பாள். அதை மறக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆடு திருப்ப வந்த சின்னாத்தாளுக்கு இச்சிமரத்தடியில் சத்தம் கேட்டது. விஜயராணியோடு பள்ளிக்கூடம் போனவள்.

“ஆருடி அது பூமிக்குள்ள? பேயா, மனுசியா?”

“நான்தான்டி, விஜயராணி. தண்ணி கொண்டா.”

“அட என்ற சாமி! எந்தப் பாவி உன்ன உள்ள வெச்சுப் பூட்டுனது?”

சின்னாத்தாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, குரலைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்து அவளை அழைத்துப்போனாள்.

மறுநாள் கம்பெனியில் செய்தித்தாள் கை மாறிக்கொண்டிருந்தது. ‘தன்னந்தனியாகச் சென்று குகை கண்டுபிடித்த இளைஞர்.’ கீழே வேர்களுக்கு நடுவே நிற்கிற இளங்குமரன். அவனுடைய மேஜை மேல் அவளுடைய கோன், ஒரு பிசிறில்லாமல் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

விஜயராணி எதிரே போய் நின்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் பயமில்லை, வெட்கமில்லை. முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு மெதுவாக ஞாபகம் வந்தது.

“அய்யோ அக்கா! வெளிய வந்ததும் ஜெர்மனி பையர் லைன்ல வந்துட்டார். பேசிட்டே கார் எடுத்துட்டேன். நீங்க பின்னாலயே வந்திருப்பீங்கன்னு நெனச்சேன். வந்துட்டீங்கல்ல?”

“வந்துட்டனுங்க.”

“அப்பறமென்ன. சரி, அந்த ரெண்டாம் லாட் முடிஞ்சுதுங்களா?”

அன்று வீட்டில் குமாரசாமி, “வேணும்னே செஞ்சிருப்பானா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. மறந்துட்டான். கொல்லோணும்னு நெனச்சிருந்தாலாச்சும் நான் ஒரு ஆளுன்னு ஆயிருக்கும். நூல் ஞாபகம் இருந்துச்சு, டார்ச் ஞாபகம் இருந்துச்சு, என்னையத்தான் மறந்துட்டான்.” அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள். களைந்த அரிசியையே மறுபடி இரண்டு தடவை களைந்தாள். “இத நான் சும்மா உடமாட்டனுங்க.”

குமாரசாமி உலை வைக்க எழுந்து போனார். பத்தொன்பது வருஷம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியவளிடம் என்ன சொல்ல.

அவள் யாரிடமும் போய் முறையிடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. காத்திருந்தாள். அவன் தன்னிடம் வந்தே தீரவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே போகிற வழி அவனுக்குத் தெரியாது. நூலைப் பார்த்துப் போனவன், நூலைப் பார்த்து வந்தவன். நோட்டிலிருந்து அவன் எடுத்த படங்களில் பன்னிரண்டாம் பொடவு கிடையாது. அதை அவள் இன்னும் வரைந்திருக்கவில்லை.

மாசி போய்ப் பங்குனி பிறந்ததும் வந்தான்.

“அக்கா, நம்ம முதலாளியம்மா குகையப் பாக்கோணும்ங்கறாங்க. பேப்பர்க்காரங்களும் வர்றாங்க. பேர்ப்பலகை ஒண்ணு அடிக்கச் சொல்லியிருக்கேன். நீங்க கொஞ்சம் முன்னால வழி காட்டுனா நல்லாருக்கும்.” குரலைத் தாழ்த்தினான். “செக்கிங் இன்சார்ஜ் எடம் காலியாத்தான் இருக்குது. பாத்துக்கலாமுங்க.”

“பலகையில என்னங்க எழுதறீங்க?”

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். “எம்பேருதானுங்க. அவங்கவங்க கண்டுபிடிச்சதுக்கு அவங்கவங்க பேரு வெக்கறது வழக்கமாச்சே.”

விஜயராணி அவனை நன்றாகப் பார்த்தாள். “பேஷா வெச்சுக்குங்க சார். நல்ல பெயின்டாப் பாத்து எழுதச் சொல்லுங்க. மழைக்கு அழியப்படாது.”

அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கரட்டடியில் கூட்டம். முதலாளியம்மா கமலாம்பாள், பேப்பர்க்காரர்கள் இருவர், இரண்டு வேன் நிறையக் கம்பெனி ஆட்கள், வேடிக்கை பார்க்கச் சின்னாத்தாளும் அவளோடு ஆடு மேய்க்கிற பெண்களும். கமலாம்பாளுக்கு அறுபதைத் தாண்டிய முழங்கால். உள்ளே தவழ முடியாது. விஜயராணி அவரை அழைத்துப்போய் இச்சிமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். “இங்கதானுங்க காத்து நல்லா வரும்” என்றாள். சந்து அந்த நாற்காலிக்கு நாலடி தள்ளி இருந்தது. அம்மா அங்கே உட்கார்ந்ததும் எல்லோரும் அங்கேயே சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

“மொதல்ல நான் மட்டும் போயி ஒரு செல்ஃபி எடுத்துக்கறேன். அப்பறம் பேப்பர்க்காரங்களக் கூப்புடலாம்” என்றான் இளங்குமரன். அவள் கேட்க நினைத்ததை அவனே சொன்னான்.

புதுக் கோன் ஒன்றைப் பிரித்துக்கொண்டு அவனை அறைக்குள் கொண்டுபோய் விட்டாள். அவன் வேர்களுக்கு நடுவே நின்று போனைத் தூக்கிப் பிடித்தான். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விஜயராணி திரும்பி நடந்தாள். நடந்துகொண்டே நூலைச் சுற்றினாள். அவசரப்படாமல், இழை மேல் இழை ஏறாமல் சுற்றினாள். அவனுடைய லைட்டை அவள் தொடவில்லை. அவன் தனக்கு விட்டுப்போனதைவிட அது ஒன்று கூடுதல்தான்.

வெளியே வந்து, இச்சிமரத்தடியில் உட்கார்ந்து, தூக்குப்போசியைத் திறந்தாள். தக்காளிச் சோறு.

பத்து நிமிஷத்தில் பாறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அக்கா! எங்க போனீங்க?”

கமலாம்பாள் திடுக்கிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார். “அதென்ன சத்தம்?”

“சாருங்கம்மா.”

“அக்கா! நூலக் காணமுங்க! விளையாடாதீங்க!” குரல் கொஞ்சம் ஏறியது. “விஜயராணி! இப்ப வரப் போறியா இல்லியா?” கொஞ்ச நேரம் கழித்து அது இறங்கியது. “அக்கா, எனக்கு மூச்சு முட்டுதுங்க. ரெண்டு பக்கமும் பாத்துட்டேன், எல்லாம் ஒண்ணாட்டவே இருக்குது. அக்கா…”

“நூல் என்னாச்சு அம்மிணி?” என்றார் கமலாம்பாள்.

“சுத்திட்டு வந்துட்டனுங்கம்மா. வேஸ்ட் ஆகப்படாதுன்னு சார்தான் சொல்லுவாரு.” கையைக் கழுவாமலே எழுந்து போய்ச் சந்தின் பக்கம் குந்தினாள். “சார், நான் கேக்கறதுக்குச் சத்தமாச் சொல்லுங்க. தை மாசம் உங்கள உள்ள கூட்டிட்டுப் போனது ஆருங்க?”

“நீங்கதான்… நீங்கதான் என்னையக் கூட்டிட்டுப் போனீங்க.”

“அப்பத் தன்னந்தனியாக் கண்டுபுடிச்சது ஆருங்க?”

பேப்பர்க்காரர் ஒருவர் மெதுவாகப் போனை எடுத்துச் சந்தின் பக்கம் நீட்டினார்.

“என்ற டார்ச்ச வாங்கிட்டு, நூலச் சுத்திட்டுப் போனது ஆருங்க?”

“நானுங்க. நாந்தானுங்க. தெரியாமச் செஞ்சுட்டேன். மறந்துட்டேன்…”

“எத்தன மணி நேரம் நான் உள்ள இருந்தேன், தெரியுமுங்களா?”

“தெரியாதுங்க.”

“ஆறு மணி நேரமுங்க. இன்னைக்காச்சும் தெரிஞ்சுக்கங்க.”

உள்ளே அழுகை கேட்டது. செக்கிங் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கமலாம்பாள் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“போதும் அம்மிணி. போயிக் கூட்டிட்டு வா.”

“வாரனுங்கம்மா. சாப்பிட்டுட்டு.”

“ஏம்மா, வேலை வேணுமா வேண்டாமா உனக்கு?”

“அருள்புரத்துல ஒவ்வொரு கம்பெனி கேட்டுலயும் ‘ஆட்கள் தேவை’ன்னு போர்டு தொங்குதுங்கம்மா” என்று சொல்லிவிட்டு விஜயராணி திரும்பி வந்து உட்கார்ந்தாள். மீதிச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்தாள். அதுவரை எல்லோரும் காத்திருந்தார்கள். வழி நன்றாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு தடவை உள்ளே போய் வந்த சின்னாத்தாளும் எழுந்திருக்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், அவனை வெளியே கொண்டுவந்து விட்டபோது. முழங்கால் கிழிந்து, முகமெல்லாம் புழுக்கை. கால்சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்ததை ஆடு மேய்க்கிற பெண்கள் முதலில் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் காரை நோக்கி நடந்தான்.

“சார், பலகையுங்க!” என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் சின்னாத்தாள். வேனிலிருந்து அதை இறக்கித் தன் இடுப்பில் சாய்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்களைப் பார்த்துச் சொன்னாள்: “இத்தன நாளும் நாமளா உக்காந்து பேர் வெச்சோம். இவரு பாவம், நமக்குச் செரமம் வேண்டாம்னு எழுதியே கொண்டாந்துட்டாரு.”

அன்று மத்தியானமே பலகையைப் பொடவின் வாயில் நட்டார்கள். பச்சை நிறத்தில் மஞ்சள் எழுத்து. இளங்குமரன் குகை.

விஜயராணியை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவளே நின்றுகொண்டாள். இரண்டு தெரு தள்ளி வேறு கம்பெனி, அதே செக்கிங், அதே ட்யூப்லைட். இன்சார்ஜ் இடம் அங்கேயும் கிடைக்கவில்லை. கதை மட்டும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. முதல் நாளே பக்கத்து மேஜைக்காரி, “அக்கா, அந்த எளங்குமரன் பொடவுங்கறது…” என்று ஆரம்பித்தாள். விஜயராணி கையில் இருந்த துணியை முடித்துவிட்டு முழுவதையும் சொன்னாள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஒருதரம்கூட அலுத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை யாரோ பலகையைப் பிடுங்கிப் போட்டார்கள். இரண்டு தடவையும் அவள் போய் நட்டாள். மூன்றாம் தடவை பலகையே காணாமல் போனது. சின்னாத்தாள் பாறையிலேயே பெயின்டில் எழுதிவிட்டாள்.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் இளங்குமரன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு மைசூர்பாகு டப்பா. குமாரசாமி உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். அவன் இளைத்திருந்தான்.

“அக்கா, பொண்ணு பாக்கப் போற எடத்துலயெல்லாம் கேக்கறாங்க. பொடவுக்குப் பேரு வந்த இளங்குமரன் நீங்கதானுங்களான்னு. போன வாரம் ஒரு எடம் தட்டிப்போச்சுங்க. அம்மா அழுகுறாங்க.” டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நான் செஞ்சது தப்புத்தானுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா அந்தப் பொம்பளைங்க கேப்பாங்க. பேர மட்டும் மாத்திருங்கக்கா.”

அவன் அம்மா அழுகிறாள் என்றது விஜயராணியை ஒரு நிமிஷம் என்னமோ செய்தது. அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பிறகு அந்த வேர்கள் நினைவுக்கு வந்தன. அவற்றின் பக்கத்தில், வெயில் கம்பி மங்குகிற நேரத்தில், சேலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது.

“பேரு வெச்சது நீங்கதானுங்க சார். வெச்ச பேர மாத்தறது எங்க கரட்டுல வழக்கமில்லீங்க.”

அவன் எழுந்தான். வாசலில் நின்று, பையிலிருந்து எதையோ எடுத்து அவளிடம் நீட்டினான். அவளுடைய பழைய கோன். தை மாதம் சுற்றியது, அப்படியே இருந்தது.

வாங்கிக்கொண்டாள்.

கார் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் குமாரசாமி டப்பாவைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டார். “பாவம் புள்ள, அந்தப் பையன்.”

“பாவந்தானுங்க” என்றாள் விஜயராணி. அவளும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். நெய் நன்றாக விட்டுச் செய்திருந்தார்கள். விரலைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். பன்னிரண்டாம் பொடவுக்கு நீளமும் பேரும் எழுதியிருந்தாள். காரணம் எழுத வேண்டிய மூன்றாம் வரி இன்னும் காலியாகக் கிடந்தது. ‘மறந்துட்டார்’ என்று எழுதி, கீழே தேதியும் போட்டாள்.